றெஜினா அக்காவின் பெயரில் என் வருமானம்

வரிக்குப் பயந்து ஓர் ஏழைப் பெண்ணின் பெயருக்குள் ஒளிந்துகொண்டேன். நடந்தவை ஒழுங்கின்படி இவை:

1. சம்பள வேலையை விட்டு, வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் வரைந்து கொடுக்கும் ஒப்பந்த வேலைக்கு மாறினேன்.

2. மாதக் கொடுப்பனவு ஓர் அளவைத் தாண்டினால் வரி பிடித்துக்கொண்டுதான் தருவோம் என்று வேலை தந்த கொழும்பு நிறுவனம் எழுதியது.

3. அந்த அளவைத் தாண்டாதிருக்க, பாதி வேலையை அடுத்த வீட்டு றெஜினா அக்கா செய்ததாகப் பில் எழுதினேன்.

4. பாதிப் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போனது. அவர் அதை எடுத்துவந்து அப்படியே என் கையில் தந்தார்.

5. அவருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த நிவாரணக் கொடுப்பனவு நின்றது.

6. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவந்தது. அவருக்கு நான் சொல்லவில்லை.

7. கொடுப்பனவு நின்ற பழி இன்னொரு பெண்ணின் மேல் விழுந்தது. எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இரண்டையும் சொல்லத்தான் உங்களிடம் வந்தேன். மற்றவற்றுக்கு அறியாமை என்று ஒரு சாட்டாவது உண்டு.

ஆனால் எவ்வளவு தூரம் அறியாமை? தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள் நான். சுவரின் தடிப்பு ஒரு விரலளவு பிசகினாலும் வரைபடத்தைத் திரும்ப வரைகிறவள். வரி என்றால் என்னவென்று மட்டும் கேட்டறியத் தோன்றவில்லை. சம்பளத்தில் இருந்தவரை அதைக் கந்தோர்க் கணக்காளர் பார்த்துக்கொண்டார். சம்பளச் சிட்டையின் அடியில் ஓர் எண் கிடக்கும். நான் அதை வாசித்ததே இல்லை.

சொந்தமாக ஒப்பந்தம் எடுத்த நாளிலிருந்து அந்தக் கணக்காளர் நானேதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. நிறுவனம் பிடிக்கும் பணம் தொலைந்த பணம் என்று நினைத்தேன். ஆண்டு முடிவில் என் கணக்கில் கழிபடும் முற்பணம் அது என்பதை யாரிடமாவது கேட்டிருக்கலாம்... இவ்வளவு படித்துவிட்டு இதைப் போய்க் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெயர் கொடுப்பது பெரிய விடயமல்ல. படகு தம்பியின் பெயரில் பதிவாகியிருக்கும், கடலுக்குப் போவது அண்ணன். இயந்திரம் வாங்கிய கடன் மச்சானின் பெயரில் இருக்கும். இதை யாரும் களவு என்று சொல்வதில்லை. ஆளுக்கு ஆள் வைத்திருக்கும் நம்பிக்கை என்றுதான் சொல்வோம். றெஜினா அக்காவிடம் பெயர் கேட்டபோதும், ஒரு சுண்டு அரிசி இரவல் கேட்பதுபோலவே கேட்டேன்.

அவர் அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். கரைக்கு வரும் வலைகளிலிருந்து நண்டு கழற்றுவது அவருடைய வேலை. நண்டு மணம் போகக் கையைத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவியபடி கேட்டார்.

“என்ன வேலையெண்டு எழுதியிருக்கிறாய் பிள்ளை?”

“உதவி வரைஞர் எண்டு அக்கா.”

“அப்ப நானும் இஞ்சினியர்.” இடுப்பு நாரி நோவோடு உள்ளே படுத்திருந்த கணவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். “கேட்டீங்களோ? இனி என்னோட மரியாதையாக் கதையுங்கோ.”

“இஞ்சினியர் அம்மா, அந்தத் தேத்தண்ணியை ஒருக்கால் தருவீங்களோ?” என்றது உள்ளிருந்து குரல்.

சிரித்துக்கொண்டே பில்லில் கையெழுத்துப் போட்டார். ஒரு சதம் கேட்கவில்லை. அந்தக் கணக்குக்குத்தான் அவருடைய நிவாரணமும் வந்துகொண்டிருந்தது. கணவரின் மருந்து அந்தப் பணத்தில்தான் வாங்கப்பட்டது. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்கவில்லை... யோசிக்க விரும்பவில்லையா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

கொடுப்பனவு நின்றதும், தகுதி இல்லை என்று வந்த கடிதத்தை அக்கா என்னிடம்தான் தந்தார். படித்த பிள்ளை, விசாரித்து வரட்டும் என்று. பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இவவின்ர கணக்குக்கு ஒரு கம்பனியில இருந்து மாதாமாதம் காசு வருகுது. நல்ல வேலையொண்டு செய்யிறா போல.”

எங்கள் ஊர் தோட்டவெளி வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். அக்கா படலையில் நின்றார்.

“என்னவாம் பிள்ளை?”

“காரணம் சொல்லேல்ல அக்கா.”

மூன்று சொற்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த வரைபடத்தை முடித்து அனுப்பினேன்.

அக்காவுக்குத் தன் வங்கிக் கணக்கின் மேல் சந்தேகம் வரவேயில்லை. அந்தப் பணம் என்னுடையது. அவர் பெயர் மட்டும்தான் கொடுத்தவர். பிறகு அதைப் பற்றி ஏன் யோசிக்கப் போகிறார்? “எனக்கு வசதி இருக்கெண்டு ஆரோ பெட்டிசம் எழுதியிருக்கினம்” என்றார். இரண்டு நாளில் அந்த ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்: எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த செல்வராணி.

செல்வராணி அக்காவின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவர்கள். அவர் றெஜினா அக்காவோடு ஒரே இடத்தில் நண்டு கழற்றினார். மத்தியானச் சோற்றை இருவரும் ஒரே பெட்டியில் கொண்டுபோவார்கள். அவர்மேல் ஏன் சந்தேகம்? அவருடைய நிவாரணம் நிற்கவில்லை. அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அவருக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை.

“தோட்டக்காட்டுப் புத்தி. கூட இருந்து சாப்பிட்டிட்டு எழுதியிருக்கிறாள்.” நடு ஒழுங்கையில் நின்று அக்கா சொன்னார். நான் யன்னலுக்குள் இருந்தேன்.

அடுத்த நாள் செல்வராணி அக்கா என்னிடம் வந்தார்.

“எனக்கு எழுத்தே சரியா வராதுங்க தங்கச்சி. நான் எப்படி பெட்டிசம் எழுதுவேன்? நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க. சொல்லுங்க.”

“சொல்லுறன் அக்கா” என்றேன். சொல்லவில்லை.

ஆவணித் திருநாளுக்கு றெஜினா அக்காவோடு மடு மாதா கோவிலுக்குப் போனேன். அங்கே குருவானவரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். “பொய் சொன்னேன் சுவாமி” என்றேன். எத்தனை தடவை என்று அவர் கேட்டார். சில தடவை என்றேன். யாரிடம், யாருக்கு என்ன நடந்தது என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளும் என்னால் பாதிக் கணக்குத்தான் காட்ட முடிந்தது! கொஞ்சம் இலேசாகத்தான் எழுந்து வந்தேன். ஊர் திரும்ப வான் வண்டியில் ஏறியபோது, வருடாவருடம் எங்களோடு வரும் செல்வராணி அக்கா இல்லை என்பதை ஒருவரும் பேசாததைக் கவனித்தேன்.

சில வாரங்களில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு முருங்கனுக்கு, தம்பியின் வீட்டுக்குப் போய்விட்டார். லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் அவர் அலுமாரியை ஏற்றிய அன்றுதான், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பழைய பில்களை எடுத்து அடுக்கினேன்.

முதலில் வரி வாங்கும் இறைவரிக் கந்தோருக்குப் போனேன். அக்காவிடம் போக அப்போதும் தைரியம் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் சொல்வது சுலபம். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து எனக்காக எழுதிக்கொண்டே சொன்னார்:

“வரி இலக்கம் எடுங்கோ. வேலை எல்லாத்துக்கும் உங்கட பேரிலயே பில் போடுங்கோ. கொம்பியூட்டர், இன்டர்நெட், கரண்ட் எண்டு வேலைக்குச் செலவழிச்ச சிட்டையளை எறியாதேங்கோ. கம்பனி பிடிச்ச வரிக்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கோ, அது கடைசிக் கணக்கில கழியும். கூடப் பிடிச்சிருந்தால் திருப்பிக் கேக்கலாம்.”

“மற்ற ஆளின்ர பேரில போட்டது?”

“அதையும் எழுதித் தாங்கோ. தண்டம் வரும். நீங்களா வந்தது நல்லம்.” பேனையை மூடிவிட்டுக் கேட்டார்: “இதுக்கே தங்கச்சி இவ்வளவு பயந்தனீங்கள்?”

அந்த ஒரு தாளில் எழுதிய அளவுதான் விடயம். அவரிடம் ஒரு வருடம் முன்னதாகப் போயிருந்தால்... அந்தத் தாளுக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அன்று பின்னேரமே றெஜினா அக்காவிடம் சொன்னேன். பில், வங்கிக் கணக்கு, திரையைப் பார்த்து உத்தியோகத்தர் சொன்னது, நான் சொன்ன மூன்று சொற்கள், எல்லாம். நிவாரணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

“அப்ப அவள் எழுதேல்ல?”

“இல்லை அக்கா.”

அக்கா பூட்டிக்கிடந்த எதிர்வீட்டைப் பார்த்தார். “உன்னை ஏசோணும்தான். வாய் வரேல்ல. நான் அவளை ஏசினதெல்லாம் என்ர காதுக்க கேக்குது.” பிறகு எழும்பிப்போய் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். நான் சாப்பிட்டேன். அந்தச் சோற்றுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியாது; நீங்கள் அறிந்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு பூசை முடிய இருவரும் பஸ் எடுத்து முருங்கனுக்குப் போனோம். செல்வராணி அக்கா எங்களைக் கதிரையில் இருத்தி, தேநீர் தந்து, கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். றெஜினா அக்கா அழுதபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீங்க கோவத்தில பேசினீங்க. உங்களுக்குத் தெரியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. “உங்ககிட்ட நான் வந்தேனே தங்கச்சி. வந்து கேட்டேனே.”

அவர் பஸ் நிலையம்வரை கூட வந்து எங்களை ஏற்றிவிட்டார்.

இன்றைய நிலை இது. என் வேலை முழுவதற்கும் என் பெயரில் பில் போகிறது. பழைய கணக்கைத் திருத்திக் கொடுத்து, வரியையும் தண்டத்தையும் கட்டிவிட்டேன். அந்தப் பணம் என்னுடையது என்று நான் கையெழுத்திட்ட கடிதம் றெஜினா அக்காவின் மேன்முறையீட்டோடு போயிருக்கிறது, பதில் வரவில்லை. அவருடைய கணவரின் மருந்தை அதுவரை நான் வாங்கிக் கொடுக்கிறேன். செல்வராணி அக்கா திரும்பி வரவில்லை. அவர் இருந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது.