குதிரை ரத்தத்து மருந்து

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நானும் அக்காவும் வேலை பார்த்தோம். எழுபதுகளின் தொடக்கம் அது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு நான் பிசிறு நீக்குவேன். சூளையில் வெந்து வந்ததை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அக்காவின் வேலை.

ஒருநாள் காலையில் வைக்கோல் அள்ளக் கையை விட்டவள் அலறிக்கொண்டு உதறினாள். கண்ணாடிவிரியன். சரக்கு ஏற்ற வந்த லாரியிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் முழங்கை வரை வீங்கிவிட்டது.

டாக்டர் அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார். உறையவில்லை. ஈறெல்லாம் கசிந்தது. விஷமுறிவு மருந்தை எடுத்துவரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்:

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஊசி இவங்களுக்கு ஒத்துக்காம போச்சா?"

"போன வருஷம் ஒடஞ்ச பீங்கான் கால்ல ஏறிடுச்சுங்க. ரணஜன்னி வராம இருக்க ஊசி போட்டாங்க. ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்கிச்சு."

அவர் முகம் இறுகியது. "அந்த ஊசியும் இந்த விஷமுறிவும் ரெண்டுமே குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கற மருந்தும்மா. போட்டா ஆபத்து. போடாட்டி கண்டிப்பா பொழைக்க மாட்டாங்க."

முன்கைத் தோலில் துளி மருந்து வைத்துப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்த இடம் சிவந்து தடித்தது. தடிப்பை அடக்கும் ஊசி ஒன்றை முதலில் போட்டார். மூச்சு முட்டினால் போடுவதற்கு இன்னொன்றைக் கையில் தயாராகப் பிடித்தபடி நர்ஸம்மாவை நிற்கச் சொன்னார். பிறகுதான் மருந்தை உப்புத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினார். நடுவில் அக்காவுக்கு உதடு வீங்கி மூச்சு இளைத்தது. உடனே நிறுத்தி, அந்த ஊசியைப் போட்டு, மூச்சு சீரானதும் இன்னும் மெதுவாக ஏற்றினார். சாயங்காலம் தடிப்பு அடங்கியது. ஈறுக் கசிவும் நின்றது. பிழைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் நீர் பிரியவில்லை. முகம் உப்பிக்கொண்டே போனது.

"மருந்து அதோட வேலைய செஞ்சுடுச்சு. விஷம் அதுக்கு முன்னாடியே கிட்னியக் கெடுத்துடுச்சும்மா," என்றார் டாக்டர். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

ஊசி ஒத்துக்காமல் செத்தாள் என்றுதான் எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துச் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த வீட்டில் போய் அதையே சொல்வார்கள்.

மறு மழைக்காலத்தில், எதிர்வீட்டுக்காரரை விறகுக் கட்டுக்குள் இருந்த பாம்பு கடித்தது. நான் ஓடிப்போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. ஒத்துக்காம போனா அதுக்கும் மாத்து ஊசி இருக்குது. பக்கத்துலயே வெச்சிருப்பாங்க. என் கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தியே, உங்கக்கா வூடு திரும்புனாளா?"

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் மந்திரிப்பவர் ஒருவரிடம் அவரைக் கொண்டுபோனார்கள். மறுநாள் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு அந்த அண்ணி என்னோடு பேசவில்லை. தெருக்குழாயில் நான் நின்றால் வெறும் குடத்தோடு திரும்பிப் போவார். கோபமா வேறெதாவதா, தெரியவில்லை. நானும் கூப்பிட்டதில்லை.