முப்பத்திரண்டாம் எண்ணில் இருப்பது

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். எண்ணிக்கை: முப்பத்திரண்டில் முப்பத்தொன்று.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி கன்வேயரின் கன்ட்ரோல் அறையில் இருந்தேன். செண்பகவல்லி அக்காவின் கணவர் செல்வராசு அண்ணன் போன் செய்தார். "தம்பி, செண்பகம் போயிடுச்சு. ஏலத்துலேர்ந்து வந்து உக்காந்துச்சு. அவ்ளோதான்." எனக்கு முதலில் தோன்றியது 'ஒன்று பாக்கி இருக்கிறதே' என்பதுதான். அழுகை பிறகுதான் வந்தது. இதை மறைத்து எழுதினால் அக்காவே திட்டுவார்.

செண்பகவல்லி அக்காவை ஊர்க்காரர்கள் உங்களுக்கெல்லாம் தெரியும். காலையில் காரைக்கால்மேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி. மாலையில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. வீட்டுக்குள் இருந்தபடியே, கரைக்கு வரும் படகின் இன்ஜின் சத்தத்தை வைத்து யார் படகு என்று சொல்வார் என்பதும் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. கோட்டுச்சேரி அம்மன் கோயில் கச்சேரியில் நீங்கள் எழுந்து நின்று கைதட்டிய அந்த மாலையில் உண்மையில் என்ன நடந்தது என்பது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது சொல்கிறேன். தப்பு என்னுடையது.

பழைய விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட வைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன் வந்த இயந்திரம். அந்தக் காலத்து விளையாட்டுகளின் இசை கம்ப்யூட்டருக்குள் இருக்காது. எந்த ஸ்வரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளை மட்டும்தான் இருக்கும். அதை மிடி கேபிள் வழியாக வெளியே ஒரு சிந்தசைசர் பெட்டிக்கு அனுப்பினால், பெட்டி வாசிக்கும். அந்தப் பெட்டிக்காக அலைந்தேன். மைக் செட் கடைக்காரர் ஒருவர், "காரைக்கால்மேட்டுல ஒரு அக்காகிட்ட கட்டையில்லாத கீபோர்டு ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க" என்றார்.

பிரான்சிலிருந்து அக்காவின் தாய்மாமன் அனுப்பிய ஜப்பான் பெட்டி அது. அகலமாக, கறுப்பாக, முன்னால் சின்னத் திரை. அக்கா வாசிக்கும் கீபோர்டின் கட்டளையை வாங்கி ஒலியாக்குவது அதுதான். அதில் சொந்த ஒலிகளைச் செய்து வைக்க முப்பத்திரண்டு இடம். முப்பத்திரண்டையும் அக்கா பல வருஷமாக உட்கார்ந்து நிரப்பியிருந்தார். நாகஸ்வரம், தவில், பம்பை, உறுமி, மேட்டுக் கடலலை. பெட்டியோடு வந்த பியானோவும் வயலினும் தனி. நம்மூர் வாத்தியம் எல்லாம் அக்காவின் கைவேலை.

முதல் நாள் பெட்டியை என் அறைக்கே எடுத்து வந்தார். கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக் செருகும் பதினைந்து ஊசித் துளையில் கேபிளை மாட்டினேன். மறுமுனையில் இரண்டு பிளக். ஒன்றில் 'இன்', ஒன்றில் 'அவுட்'. பெட்டியின் 'அவுட்' துளையில் 'அவுட்' பிளக்கைச் செருகினேன். சத்தமில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் டிரைவரை மாற்றினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், பெட்டி பழுது என்றுகூடச் சொல்லிவிட்டேன். அக்கா டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வாயோட வாய வெச்சா யாரு யாரைக் கேக்குறது? காதுல வைங்க."

மாற்றிச் செருகினேன். வாசித்தது. நான் படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். அக்கா படித்தது எட்டாம் வகுப்பு.

சத்தத்தோடு ஓர் இரைச்சலும் வந்தது. எர்த் கோளாறு என்று ஆரம்பித்தேன். அக்கா பிளக்கைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார்; ஊசியெல்லாம் பச்சை பூத்திருந்தது. "உப்புக்காத்து. இந்த ஊருல எர்த்தைப் பேசுறதுக்கு முன்னாடி இதைத் துடைக்கணும்." பென்சில் அழிப்பானால் தேய்த்தார். இரைச்சல் நின்றது.

ஒலிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டேன். ஒன்று ஓய்வதற்குள் அடுத்ததை அழுத்துவேன். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. "அணையிற வரைக்கும் கேளுங்க. ஒரு சத்தம் எப்புடிப் பொறக்குதுன்னு யாரு வேணா சொல்லுவாங்க. எப்புடிச் சாவுதுங்கறதுலதான் தவிலுக்கும் டப்பாவுக்கும் வித்தியாசம்." அன்றிலிருந்து என் பெயர் 'அவசரம்'. "வாங்க அவசரம்." "அவசரத்துக்கு ஒரு டீ போடுங்க." என் சொந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா, எனக்குப் பெயர் இருக்கிறது என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

இனி அந்த நாள். கச்சேரி மாலை ஏழு மணிக்கு. மதியம் மூன்றுக்கு நான் மேட்டில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். தேடிக்கொண்டிருந்த விளையாட்டு ஒன்று காலையில்தான் கிடைத்திருந்தது.

"இன்னிக்கு வேணாம் தம்பி. நாளைக்கு எடுத்துக்கங்க."

"ஒரு மணி நேரம்தான்க்கா. நானே கோட்டுச்சேரிக்குக் கொண்டாந்துடுறேன்."

"நாளைக்கு வர்றதுக்குள்ள அந்த விளையாட்டு செத்தா போயிடும்?"

கொடுத்துவிட்டார். என் அறையும் கோட்டுச்சேரியில்தான். வந்து மாட்டினேன். இசை கோணலாக வந்தது. விளையாட்டு தனக்கு வேண்டிய ஒலிகளைப் பெட்டிக்குள் அனுப்பப் பார்க்கிறது, பெட்டி வாங்க மறுக்கிறது என்று புரிந்தது. பெட்டியில் மெமரியைப் பூட்டி வைக்கும் வசதி இருந்தது. பூட்டை எடுத்துவிட்டேன். மறுபடி ஓட்டினேன். பெட்டியின் சின்னத் திரையில் விளையாட்டின் வரவேற்பு வாசகம் ஓடியது. அறை அதிர இசை வந்தது. கத்திக் குதித்தேன்.

விளையாட்டை நிறுத்தினேன். நாகஸ்வரத்தைக் கூப்பிட்டேன். கதவு கிறீச்சிட்டது. தவிலைக் கூப்பிட்டேன். கத்தியோடு கத்தி மோதியது. விளையாட்டு தன் ஒலிகளை அக்காவின் ஒலிகள் மேலேயே எழுதியிருந்தது. முப்பத்திரண்டு இடத்திலும். நகல் எடுத்து வைத்தாயா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேடைக்குப் பின்னால் அக்காவிடம் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை போனார். ஒவ்வொன்றையும் அணையும்வரை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"மணி என்ன?"

"அஞ்சே கால்க்கா."

"ஒரு அட்டை கிழிச்சுக் குடுங்க. பேனா."

எந்த எண்ணில் என்ன சத்தம் என்று அட்டையில் எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவர் செய்ததை நான் இன்றுவரை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. கதவுக் கிறீச்சை இரண்டு ஸ்தாயி மேலே ஏற்றினார்; நாகஸ்வரத்துக்குத் தங்கை மாதிரி ஒன்று கேட்டது. கத்திச் சத்தத்தின் முனையை மழுக்கித் தாளமாக்கினார். முப்பத்திரண்டாம் எண்ணில் உறுமி இருந்த இடத்தில் ஒரு டிராகன் கர்ஜித்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கி, ஒரு விரலால் கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரத்தை உரசி உரசி வாசித்தார். உறுமி. உறுமியேதான்.

ஏழு மணிக்கு மேடை ஏறினார். அம்மன் பாட்டில் அந்த உறுமி வந்தபோது முன்வரிசையில் இரண்டு பெண்களுக்கு அருள் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஒரு பெரியவர் பின்னால் வந்து, "உறுமிக்காரன் யாரும்மா, எந்த ஊரு?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினார். "இவருதாங்க கூட்டியாந்தாரு."

போகும்போது மட்டும் சொன்னார். "அந்த நாகஸ்வரத்துக்கு எனக்கு நாலு வருஷம் ஆச்சு தம்பி." குரலை உயர்த்தவில்லை. நான் அன்று சாப்பிடவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அவரே என் அறைக்கு வந்தார். ஒலிகளைத் திருத்தும் மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தேன். அவர் சொல்ல, நான் எண்களை மாற்ற வேண்டும். பழைய கச்சேரி வீடியோவைக் கேட்டு அதேபோலச் செய்யலாம் என்றேன். "வேணாம். காதுல இருக்கு." எட்டு மாதம், ஞாயிறுதோறும். "மூக்கடைச்ச மாதிரி இருக்கு." "இது நல்லாருக்கு, ஆனா பொய் சொல்லுது." இதுதான் அவர் தரும் அளவு. அதை நான் எண்ணாக்க வேண்டும்.

நான் கருவியை நம்புகிறவன். நாகஸ்வரம் முடிந்ததும் அவருக்குத் தெரியாமல் ஒரு பழைய கல்யாண வீடியோவிலிருந்து அவருடைய பழைய நாகஸ்வரத்தை எடுத்து, புதியதோடு அதிர்வெண் வரைபடம் போட்டு ஒப்பிட்டேன். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சின்ன மேடு. மறு ஞாயிறு உள்ளே வந்து கேட்டதும், "ஒரு எடத்துல தொண்டை கட்டியிருக்கு" என்று அந்த இடத்தைத்தான் திருத்தச் சொன்னார். வரைபடத்தை அவரிடம் காட்டவில்லை. காட்ட வெட்கமாக இருந்தது.

முடிந்த ஒவ்வொன்றையும் நகல் எடுத்தேன். முப்பத்தொன்று ஆயிற்று. உறுமி மட்டும் பாக்கி. "ஒண்ணுதான்க்கா, இன்னிக்கே முடிச்சிடலாம்" என்று நச்சரித்தேன். "அது இருக்கட்டும் அவசரம், பொறவு" என்று சிரித்தார். இரண்டு மாதமாக அதே பதில். கடைசி ஞாயிறு பெட்டியின் திரையில், உள்ளே இருக்கும் பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை வர ஆரம்பித்தது. அது தீர்ந்தால் முப்பத்திரண்டு இடமும் காலி. நகல் இருக்கிறதே என்று சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

இன்று காலை செல்வராசு அண்ணன் பெட்டியைத் துண்டில் சுற்றி என் அறைக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் கொடுத்ததும் அதே எச்சரிக்கை. கேபிள் மாட்டவில்லை. வெறுமனே எண்ணை நகர்த்திக்கொண்டு போனேன். முப்பத்திரண்டு வந்தது. ஒரு ஒலிக்குப் பத்து எழுத்துக்குள் பெயர் வைக்கலாம். உறுமி இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'அவசரம்' என்று இருந்தது.

"அது எப்பவோ முடிச்சிடுச்சு தம்பி. உங்ககிட்ட சொல்லாதன்னுச்சு."

"எப்படிண்ணே? கம்ப்யூட்டர் என்கிட்டல்ல இருக்கு?"

"அந்தக் குட்டிப் பட்டனை அமுக்கிக்கிட்டே கெடக்கும். நீங்க ஏத்துன அந்த ராட்சசன் சத்தம்தான். பழைய உறுமியவிட இதுதான் ஒசத்தின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஒங்க மூஞ்சியப் பாக்கணும்னு வெச்சிருந்துச்சு."

அண்ணன் போய்விட்டார். பெட்டியை அணைக்கவில்லை, யூ.பி.எஸ்-இல் ஓடுகிறது. அந்த ஒலிக்கு உலகத்தில் வேறு நகல் கிடையாது. இன்னும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முதலில் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயர். மற்றதெல்லாம் குழுவுக்கும் ஊருக்கும் சேர்ந்தது. இனிச் செய்யப்போவது:

1. மெமரி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். திரும்ப ஒருமுறை பார்ப்பேன்.

2. பிளக்கின் ஊசிகளை அழிப்பானால் துடைத்து, வாயைக் காதில் செருகுவேன்.

3. முப்பத்திரண்டையும் நகல் எடுத்து, மூன்று இடத்தில் வைத்து, மூன்றும் ஒன்றா என்று ஒப்பிடுவேன்.

4. அதன் பிறகே பேட்டரியை மாற்றி, முப்பத்திரண்டையும் நகலிலிருந்து திரும்ப ஏற்றுவேன்.

5. பெட்டியைச் செல்வராசு அண்ணனிடம் திருப்பிக் கொடுப்பேன். குழுவுக்குக் கொடுப்பதா என்பது அவர் இஷ்டம். விளையாட்டுக்கு இனி அதைக் கேட்க மாட்டேன்.

6. கொடுப்பதற்கு முன், முப்பத்திரண்டாம் எண்ணுக்கு ஒரே ஒரு ஸ்வரம் அனுப்புவேன். அது அணையும்வரை எதையும் தொடமாட்டேன்.