தோற்றவர் பெயர் முதலில்

சுருளியக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. தேனியில் அலுவலகத்தில் இருந்தேன். நம் கூடைப்பந்துக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில், கையில் மைக்குடன் அக்கா சிரித்துக்கொண்டிருக்கும் படம். கீழே, 'எங்கள் கழகத்தின் குரல் ஓய்ந்தது' என்று எழுதியிருந்தது. வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நான் எதுவும் போடவில்லை. அந்த மைக் அக்காவின் கையை விட்டுப் போய் எத்தனை காலமாகிறது, யார் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பதெல்லாம் கும்பிட்ட எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் செயலாளர் என்னை அழைத்தார். போட்டி மலரில் அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றார்.

"நீதாம்மா அவுக பக்கத்துலயே உக்காந்திருந்த புள்ள. நல்லா எழுது. அந்தக் கடமலைக்குண்டு மேட்ச் மட்டும் வேணாம். செத்தவுகளைப் பத்தி நல்லதாத்தான் சொல்லணும்."

சரி என்றேன். நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். அதனால் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்காவைப் பந்து மைதானத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவருடைய பிழைப்பு தெரியாமல் இருக்கலாம். மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் பெண்களை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். என் அம்மாவும் அந்த ஜீப்பில்தான் போனார். விடியுமுன் தெருத் தெருவாக நின்று, அக்கா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாயங்காலம் மலையில் வண்டி கிளம்புமுன் மறுபடியும் கூப்பிடுவார். அப்போது முதலில் வருவது, அன்று வேலையில் பின்தங்கியவளின் பெயர். "வெரசா காய் எடுத்தவ தானா வந்து வண்டியில ஏறிக்கிருவா. அசந்து போனவளைத்தான் கூப்பிட்டு ஏத்தணும்" என்பார். கடைசிப் பெயருக்கும் பதில் வராமல் ஜீப்பை எடுக்க விடமாட்டார். ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். அக்கா காதில் வாங்கியதில்லை.

ஒரு வருடம் போட்டிக்கு அறிவிப்பாளர் வராமல் போனதால்தான் மைக் அவர் கைக்கு வந்தது. மைக் இல்லாமலே இவர் குரல் கம்பம் டவுன் வரை கேட்கும் என்று யாரோ கேலியாகக் கைகாட்டினார்கள். அதன் பிறகு வருடா வருடம் அவர்தான். நடுநிலை என்பது அவரிடம் கொஞ்சமும் கிடையாது. நம் அணி கூடை போட்டால் ஒலிபெருக்கி கிழியும். எதிரணி போட்டால், "அவுகளும் ஒண்ணு போட்டாக" என்று தெருவில் போகிறவரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். நடுவர் ஒருவர் கோபித்துக்கொண்டபோது, "தம்பி, நீங்க விசில் ஊதுறதுக்குச் சம்பளம் வாங்குறீக. நா சும்மா கத்துறேன். என்னைக் கண்டிக்காதீக" என்றார். கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் அக்கா மாறிவிடுவார். இரண்டு அணியின் பெயர்களையும் ஊரும் தெருவுமாகச் சொல்லிக் கூப்பிடுவார். தோற்றவர்கள் முதலில். தன் பெயரைக் கேட்டவன் வந்து மைதானத்தின் நடுவில் நிற்க வேண்டும். கூட்டம் கைதட்டும். பிறகு வென்றவர்கள். பிறகு கைகுலுக்கல். வெளியூர் அணிகள் நம் போட்டிக்கு ஆசையாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாமும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம். நம் அணி வென்றுகொண்டே இருந்ததால், நம் பெயர் எப்போதும் இரண்டாவதாகவே வந்தது.

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "டிகிரி படிக்கிற புள்ள, ஸ்கோர் எழுதட்டும்" என்று அக்காதான் என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டாலே குரல் எழும்பாதவள் நான். பெயர்களை அக்காவின் காதில் சொல்வேன். என் வாயிலிருந்து போன பெயர் அவர் வாயில் பெரிதாகி மைதானத்தைச் சுற்றி வரும்.

செயலாளர் வேண்டாம் என்ற அந்த அரையிறுதிக்கு முன்பே, இறுதிப் போட்டிக்கான ஃப்ளெக்ஸில் நம் அணியின் படம் ஏறிவிட்டது. கடமலைக்குண்டிலிருந்து வந்த பையன்களை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அவர்களில் பாதிப் பேர் ஒரே நிறத்தில் காலணி கூடப் போட்டிருக்கவில்லை. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். நம் கேப்டன் பிரபாகருக்கு விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி தரும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போயின. தோற்றோம்.

கை கொடுக்க வந்த கடமலைக்குண்டு கேப்டனைப் பிரபாகர் தோளால் இடித்துவிட்டுப் போனார். பந்தைக் கூட்டத்துக்குள் எட்டி உதைத்தார். நம் ஆட்கள் அந்தப் பையன்கள் மேல் தண்ணீர் பாக்கெட்டுகளை எறிந்தார்கள். எறிந்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். அழுதிருந்தார். செயலாளர் மேசைக்கு ஓடி வந்தார்.

"இன்னைக்குப் பேரு வேணாங்க்கா. நன்றி சொல்லி முடிச்சிருங்க."

"நேத்து போடிக்காரப் பயலுக தோத்து நின்னப்ப பேரு வாசிச்சேன். நல்லாத்தானண்ணே கைதட்டுனீக?"

"அது வேற. இது நம்ம பசங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். நம்ம பயலுக. மலையில விட்டுட்டு நாம மட்டும் எறங்க முடியுமா?"

நான் முதல் பெயரைக் காதில் சொன்னேன். "பிரபாகர், மேட்டுத் தெரு" என்று ஒலிபெருக்கி சொன்னது. பிரபாகர் வந்தார். மைதானத்தின் நடுவுக்கு அல்ல, மேசைக்கு. மைக் வயரைப் பிடுங்கி எறிந்தார். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பிடுங்கிட்டியா? சரி. ஒம் பேரு சொல்லியாச்சு. தள்ளி நில்லு, அடுத்தவனைக் கூப்பிடணும்."

மைக்கை மேசையில் வைத்துவிட்டு ஜீப்புக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். "ஷாஜகான், பள்ளிவாசல் தெரு." நான் அடுத்த பெயரைச் சொன்னேன். அவர் கூப்பிட்டார். நம் பையன்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. நடுவில் வந்து நின்றவர் ஷாஜகான் ஒருவர்தான். நம் கூட்டம் கைதட்டவில்லை. தட்டியவர்கள் அந்தக் கடமலைக்குண்டுப் பையன்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நம் ஒவ்வொரு பெயருக்கும் தட்டினார்கள்.

பிறகு அவர்களுடைய பெயர்களையும் அக்கா கூப்பிட்டு முடித்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம், "அந்த ரெண்டுல ஒண்ணாச்சும் விழுந்திருக்கலாம்ல தாயி" என்றார்.

அடுத்த வருடம் கழகத்தார் நீங்கள் மதுரையிலிருந்து ஒருவரை மைக்குக்கு அழைத்து வந்தீர்கள். அக்காவின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்றீர்கள். பெயர் வாசிக்கும் வழக்கமும் அத்தோடு நின்றது, நேரம் ஆகிறதாம். அக்கா அப்போதும் வந்தார். விளக்குக் கம்பத்தடியில் நின்று, நம் அணிக்காக முன்பு போலவே கத்தினார். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்களின் பெஞ்சுக்குப் போவார். "ஏலே, ஒம் பேரென்ன? எந்த ஊரு?" என்று கேட்டு, அங்கேயே நின்று உரக்கக் கூப்பிடுவார். சிலர் சிரித்தார்கள். பெயர் கேட்ட பையன்கள் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

அக்காவிடம் ஒருமுறை, உங்களுக்கு மனத்தாங்கல் இல்லையா என்று கேட்டேன். "மைக்கு அவுகளுது. வாங்கிக்கிட்டாக. வாயி என்னுது" என்றார்.

அவருடைய இறுதி ஊர்வலத்தில் பிரபாகர் மயானம் வரை வந்தார். அதை மன்னிப்புக் கேட்டதாக நான் எழுத மாட்டேன். வந்தார் என்று எழுதுகிறேன்.

இந்த வருடப் போட்டியின் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். வாழ்நாள் முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு, யாரும் வாய் திறக்காத ஒரு நிமிடம். நீங்கள் மௌனமாக நில்லுங்கள். என்னால் முடியாது.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவர் குரல் அல்ல. அது எனக்கு வராது. அவருடைய வரிசை கிடைத்தது. ஸ்கோர் மேசையில் இந்த வருடமும் நான்தான் இருப்பேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, தோற்றவர்களை முதலில் கூப்பிடுவேன். நம் அணி தோற்றால் நம் பெயர் முதலில். மைக் தர வேண்டாம். தந்து பிடுங்கவும் வேண்டாம். முன்வரிசைக்கு மட்டும் கேட்டாலும் கேட்கட்டும்.

அந்த மௌன நிமிடத்தில் தொடங்குவேன். அக்காவிடமிருந்து மைக்கை வாங்கியதில் நீங்கள் வென்றீர்கள், அவர் தோற்றார் என்றுதானே இத்தனை நாள் நினைத்தீர்கள். அப்படியானால் வழக்கப்படி அவர் பெயர்தான் முதலில்.

சுருளியம்மாள், வாய்க்கால் தெரு.