கச்சாலில் காயாத கஞ்சா

திங்கள் மாலை போர்ட் பிளேரில் ஏறிய என்னைக் கப்பல் புதன் காலையில்தான் கச்சால் தீவில் இறக்கிவிட்டது. சுனாமியில் நிலம் தாழ்ந்து, தலையில்லாத தென்னைகள் இன்னும் கடலுக்குள் நின்றிருந்தன. ரப்பர் தோட்டக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க அனுப்பப்பட்டவன் நான். ஐந்து நாள் வேலை.

தங்க இடம் கொடுத்தவர் சுப்பையா. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து சின்ன வயதில் இங்கே குடியேற்றப்பட்டவர். அலை தூக்கி அடித்ததில் இடுப்பு நொறுங்கி, பால்வெட்டு வேலை போயிற்று. மனைவி செல்லம்மாள் ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தில் நெருப்புப் பார்க்கிறார்.

"வலி மாத்திரை தீந்து ரொம்ப நாளாச்சு அண்ணே. ஜஹாஜ் வந்தாத்தான் தவாய். அதுவரைக்கும் இதுதான்" என்று, கப்பலையும் மருந்தையும் தீவு வழக்கப்படி இந்தியில் சொல்லி, செல்லம்மாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டினார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வளர்த்த கஞ்சா. நான் சர்க்கார் சம்பளக்காரன், சட்டம் தெரியும். சுப்பையா முனகுவதைக் கேட்டபின் சட்டம் பேச வாய் வரவில்லை.

மழை விடாததால் வீட்டில் தொங்கவிட்டது காயவில்லை. செல்லம்மாள் யாருக்கும் தெரியாமல் அதைப் புகைக்கூடத்தில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறார். மறுநாள் வெளிப்புறம் முறுகியிருந்தது, எடுத்துப் பாட்டிலில் அடைத்துவிட்டார். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளீரம் வெள்ளையாகத் தெரியும். ஆயுசெல்லாம் அப்படிப் பார்த்தே பழகியவருக்கு, காம்புக்குள் ஒளிந்திருந்த ஈரம் தெரியவில்லை.

சனிக்கிழமை மூடியைத் திறந்தார். மூத்திர வாடை அடித்தது. மொட்டுகளின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை.

"தட்டிட்டுக் குடு, குடிச்சுக்கிறேன்" என்றார் சுப்பையா.

"நெஞ்சு புண்ணாயிடும். வேணாங்க" என்றார் செல்லம்மாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கப்பல் வந்தது. திரும்பிப் போக இடம் கேட்க ஜெட்டிக்குப் போனேன். சிமெண்ட், வெங்காயம், முட்டை எல்லாம் இறங்கின. மருந்துப் பெட்டி வரவில்லை என்று ஆஸ்பத்திரி ஆள் வெறுங்கையோடு திரும்பினார்.

பை எடுக்க வந்தபோது வீட்டில் யாருமில்லை. புகைக்கூடத்தில் போய்ப் பார்த்தால், செல்லம்மாள் பூஞ்சை பிடித்த அத்தனையையும் புகைக்கூட அடுப்பில் கொட்டியிருந்தார். சுப்பையா எப்படியோ தவழ்ந்து வந்து, புகை வரும் துவாரத்தில் முகத்தை வைத்திருந்தார். ஒவ்வொரு இருமலும் இடுப்பில் இடிக்க, துடித்தார். நகர மறுத்தார். இழுத்துப் பார்த்துக் களைத்த செல்லம்மாள், அவர் காதருகே குனிந்தார்.

"எந்திரிங்க. ஜஹாஜ்ல தவாய் வந்துருச்சாம்."

சுப்பையா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நெசமா சார்?"

செல்லம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, இப்பத்தான் இறக்குறாங்க" என்றேன்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஊரில் எங்கள் வீட்டிலிருந்து மருந்துக்கடை நடந்து போகிற தூரம்தான், அதை நினைக்கவே வெட்கமாக இருந்தது. சுப்பையா முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போக நல்ல சட்டை எடுத்துத் தரச் சொன்னார். செல்லம்மாள் எடுத்துக் கொடுத்தார். அவர் பித்தான் போட்டுக்கொண்டிருக்கையில் நான் கிளம்பினேன்.