மூடியில் ஒட்டிய செதில்

தண்ணீர் குடிக்காமல் பொழுதை ஓட்ட ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது என்னிடம் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. எங்கள் ஊர் தோணிரேவில் விடிவதற்கு முன் ஒரு டம்ளர் டீ. பிறகு பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் ஏலம், கூடையோடு பொன்னேரி பஸ், அங்கே தெருத்தெருவாக வியாபாரம். மூன்று மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான் அடுத்த வாய் தண்ணீர். நடுவில் தாகம் எடுத்தால் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் புளியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வேன். எச்சில் ஊறும், தாகம் ஏமாந்துபோகும்.

குடித்தால் போக வேண்டும். எங்கே போவது? பஸ் நிலையத்தில் கழிவறை இருக்கிறது, ஆனால் கூடையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நான் எப்போது நகர்வேன் என்று காக்கையும் நாயும் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் மீனுக்கு மட்டும் நான் தண்ணீர் குறைத்ததில்லை. வெயில் ஏறினால் மடவை மீனின் கண் மங்கிப்போகும், வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். கால் மணிக்கு ஒருமுறை கூடை மீது தெளிப்பேன். என் உதடு வெடித்திருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை.

இந்தச் சாமர்த்தியத்தை என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். வேறு எதைக் கொடுத்தேனோ இல்லையோ, இதை ஒழுங்காகக் கொடுத்தேன். அவள் பள்ளிக் கழிவறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகவே கூசுகிறது என்று ஒருநாள் அழுதாள். வாயை மட்டும் நனைத்துக்கொள், விழுங்காதே, வீட்டுக்கு வந்து குடித்துக்கொள்ளலாம் என்றேன். கெட்டிக்காரி, ஒரு வாரத்தில் பழகிக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், இளநீர் வாங்கிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. இரண்டாவது முறை குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தவளை நானும் என் வீட்டுக்காரரும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் அதில் தழும்பு விழும், விழுந்த தழும்பு ஆறாது, தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்றார். ஏன் குடிப்பதில்லை என்று அவளிடமே கேட்டார்.

"அம்மாதான் குடிக்காதனு சொல்லிச்சு" என்றாள் மகள்.

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் அவள் ஒரு கட்டளை போட்டாள். நான் குடித்தால் அவளும் குடிப்பாளாம். ஆளுக்கொரு பாட்டில் வாங்கினோம், எனக்கு நீலம், அவளுக்குப் பச்சை. சாயங்காலம் இரண்டும் காலியாக வர வேண்டும் என்பது பேச்சு.

முதல் நாள் நேர்மையாகக் குடித்தேன். பொன்னேரியில் நான்காவது தெருவுக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. ஒன்பது வருடமாக என்னிடம் மீன் வாங்கும் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. அந்த அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். மோட்டார் ரிப்பேர், பாத்ரூமில் தண்ணீரே வரவில்லை என்றாள். அவள் சொல்லும்போதே மாடியில் டேங்க் நிரம்பிச் சுவரோரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு நடந்தேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லப்போவதில்லை.

மறுநாளிலிருந்து பாட்டில் தண்ணீரை மீனுக்குத் தெளித்தேன். சாயங்காலம் நீல பாட்டில் காலி, பச்சையும் காலி. நான் பொய் சொன்னாலும் பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று எனக்குள்ளே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். அன்றைக்கு ஏரியில் மீன்பாடு இல்லை, கூடை சீக்கிரம் காலியாகி முன்னதாகவே திரும்பிவிட்டேன். பள்ளியும் அன்றைக்கு அரைநாள்தான்; எங்கள் ஊர் முனையில் சீருடையோடு மகள் நின்றிருந்தாள். பச்சை பாட்டிலைக் கவிழ்த்துப் பூவரச மரத்தடியில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அடிக்கத்தான் மற்றக் கையை ஓங்கினேன்.

"இன்னாடி பண்ற?"

"நீ மீனுக்கு ஊத்தற. நான் மரத்துக்கு ஊத்தறேன்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"உன் பாட்டில் மூடியில தினம் மடவ செதில் ஒட்டிகினு கீதும்மா. வாயில வச்சி குடிச்சா செதிலு எப்டி வரும்?"

பிறகு குனிந்துகொண்டு, நான்கு நாளாக மறுபடியும் எரிகிறது, சொல்லப் பயமாக இருந்தது என்றாள். ஓங்கிய கையால் அவள் நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

இந்த முறை ஸ்கேன் எடுத்தார்கள். வலது பக்கச் சிறுநீரகத்தில் சின்னதாகத் தழும்பு. இதற்கு மேல் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது அவள் கையில் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவள் கையில் இல்லை, என் கையில் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த பயம், புயல் நாளில் என் வீட்டுக்காரர் விடியும்வரை ஏரியிலிருந்து திரும்பாமல் இருந்தபோதுகூட இருந்ததில்லை.

மகளின் காய்ச்சல் விட்டதும் வியாபாரத்துக்குப் போனேன். பஸ்ஸிலேயே பாட்டிலில் பாதியைக் குடித்தேன், தெருவில் மீதியை. மீனுக்குத் தெளிக்கத் தனியாக ஒரு பழைய கேன். அதே வீட்டு வாசலில் கூடையை இறக்கினேன். "கூடையக் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா, பாத்ரூம் போணும்" என்றேன். அவள் மறுபடியும் மோட்டார் கதையை ஆரம்பித்தாள்.

"டேங்க் வழியுதுக்கா" என்றேன்.

அவள் முகம் சிறுத்துவிட்டது. பின்பக்கம் கையைக் காட்டினாள். நான் வெளியே வந்தபோது ஃபினாயில் பாட்டிலோடு தயாராக நின்றிருந்தாள். ஒன்பது வருடமாக இந்தக் கை ஆய்ந்த மீனைத் தின்கிறாள், அதற்கு ஃபினாயில் தேவைப்படவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் போய்விட்டு வந்தேனே, அது போதும். அரைக் கிலோ மடவை கேட்டாள், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஃபினாயிலையும் மறைக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளியில் ஒரு தோழியைக் கதவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போவதாக மட்டும் சொன்னாள். பிறகு என் நீல பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்பக்கம் நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தாள். செதில் இல்லை. அதற்கப்புறம்தான் தன் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தாள்.

இன்றைக்கும் தினம் பார்க்கிறாள்.