நான் குடிக்காத கொறுக்காய்த் தண்ணீர்

நான் பருத்த உடம்புக்காரி. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற எண்ணம் அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் என் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தபோது, திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை வாய்களுக்கும் என் உடம்பு தீனியாகிவிட்டது. "கொழுப்புத்தான் பிள்ளையை நெரிச்சுப்போட்டுது" என்றார்கள். சண்டைக் காலம். அரிசிக்கே வரிசையில் நின்ற ஊரில், ஒருத்தி மெலியாமல் இருப்பதே குற்றமாகத் தெரிந்தது.

இரண்டாவது தங்கியதும் மாமி, என் கணவரின் தாய், கொறுக்காய் வாங்கிவந்தார். மீன் கறிக்குப் புளிப்புக்காகப் போடுகிற, கறுத்துக் காய்ந்த அதே கொறுக்காய்தான். அதைச் சுண்டக் காய்ச்சி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை.

"குடி பிள்ளை. உடம்பு வத்தும். வயித்தில இருக்கிறதும் நோய்நொடி இல்லாமப் பிறக்கும்."

மாமி கெட்டவர் இல்லை. போன பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். அந்தப் பயத்தில்தான் காய்ச்சினார். எனக்கும் அதே பயம் இருந்ததால் மூன்று நாள் குடித்தேன். நெஞ்சு எரிந்தது. கிளினிக்கில் மருத்துவிச்சியிடம் சொன்னேன்.

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"இவ்வளவு நிறை நல்லமில்லைத்தான். சீனி, பிரஷர் வரும், பிள்ளைக்கும் பின்னுக்குக் கரைச்சல். ஆனா கறியில போட்டா அது சாப்பாடு. கோப்பை கோப்பையாக் குடிச்சா அது மருந்து. பிள்ளைக்கு என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்? நீங்கள் குடிச்சா அதுவும் குடிக்கும். வேண்டாமெண்டு சொல்ல அதுக்கு ஏலாது. சோத்தைக் குறைச்சுக் கீரையைக் கூட்டுங்கோ. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ."

வேண்டாமென்று சொல்ல எனக்கு ஏலும். ஆனால் மாமியின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை. கோப்பையைக் குசினிக்குள் கொண்டுபோய், அடுப்பில் இருந்த மீன் சட்டிக்குள் ஊற்றினேன். மாமி இரண்டாந்தரமும் கறி கேட்டார். "இப்பதான் உனக்குச் சமைக்க வருது" என்றார். பிறகு ஒவ்வொரு நாளும் ஊற்றினேன்.

பின்னேரங்களில் இறங்குதுறை வீதிவரை நடந்தேன். காவலரணில் நின்ற பெண் சிப்பாய் மறித்தாள்.

"எங்க போறது?"

"எங்கயும் இல்லை. நடக்கிறன்."

உண்மையைச் சொன்னதால்தான் சந்தேகம் வந்தது. வயிற்றைத் தடவித் தடவிச் சோதித்தாள். எனக்கு அவமானத்தில் உடம்பு பற்றியெரிந்தது. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஒரு நாள் பிள்ளை அவள் கைக்கே ஓர் உதை கொடுத்தது. அதன் பிறகு அவள் என்னை மறிக்கவில்லை.

பெண் பிள்ளை. பிறந்ததும் ஊர் கேட்கக் கத்தினாள். நடந்ததாலா, கீரையாலா, அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. மாமிக்கு மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. "என்ர தண்ணிதான்" என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார். வீட்டு நிம்மதிக்காக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மாமியின் மகள், என் மச்சாள், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். அவளும் என்னைப் போல உடம்புக்காரி. முதல் நாள் காலையிலேயே கோப்பை வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைக்கப் போனாள். நான் பறித்து, கொதித்துக்கொண்டிருந்த மீன் சட்டிக்குள் கவிழ்த்தேன்.

"என்னடி செய்யிறாய்?" என்று மாமி பாய்ந்து வந்தார்.

"போன முறையும் இதைத்தான் செய்தனான், மாமி. முதல் மூண்டு நாளுக்குப் பிறகு உங்கட தண்ணியை நான் குடிக்கேல்லை. ரெண்டாந்தரம் கறி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது நீங்கள். எங்க, மெலிஞ்சனீங்களே?"

மாமி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா? எல்லாரும் உன்னிலதானே பழி போட்டிருப்பினம்."

"ஓம் மாமி. முதல் முறையும் என்னிலதான் போட்டவை. நான் செத்துப்போகேல்லையே."

பின்னேரம் நானும் மச்சாளும் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தபோது, மாமி பின்னால் வந்து மகளின் கையில் குடையைக் கொடுத்தார்.

"ஊரடங்குக்கு முதல் வந்து சேருங்கோ" என்றார்.