ஆளில்லாத கப்பலில் ஓர் அண்ணன்

படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர்கள் நடுவில் அவளுக்கு ‘அலறல் அக்கா’ என்று பெயர். வீட்டில் கணவனிடம்கூடக் குரலை உயர்த்தாதவள், சம்பளத்துக்கு மட்டும் ஊரைக் கூட்டுவாள்.

அன்றைக்கு, ஆளில்லாத விண்கப்பலில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருத்திக்கு அலற வேண்டும். ஜன்னல்கூட இல்லாத சின்ன ஒலிப்பதிவு அறை. பாதி வேலையில் தண்ணீர் குடிக்கலாமென்று கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. தோளால் முட்டியும் அசையவில்லை. மைக்கிடம் ஓடிவந்து கத்தினாள்.

“அண்ணே, கதவைத் திறங்க! மூச்சு முட்டுது!”

ஹெட்போனில் ஒலிப்பதிவாளர் அலுத்துக்கொண்டார். “கப்பல்லதான் ஆளே இல்லையேம்மா, அண்ணன் எங்கேர்ந்து வந்தான்? பயமும் ஒட்டலை. இன்னொரு டேக் குடு.”

“நிஜமாத்தாண்ணே!”

“இதுவும் செயற்கையா இருக்கு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனிடம் ஓகே வாங்காமல் வெளியே போக முடியாது. கண்ணை மூடி, கொஞ்சமும் பயமில்லாமல், வழக்கமான பொய் அலறலை எடுத்துவிட்டாள்.

“இதுதாம்மா பயம்!” என்று கைதட்டியபடி வந்து, வெளியிலிருந்து கதவை இழுத்தார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

அப்போது அவர் போட்ட கூச்சலில் செயற்கை துளிகூட இல்லை.